இருநூற்றுப் பதினான்கு அடிகள்

சீனியம்மாளின் நெஞ்சுக்குள் அந்தப் பூட்டை வைத்துத் தைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கம்பெனியைத் திட்டப்போகிறேன், அதிகாரிகளைத் திட்டப்போகிறேன். இந்த டாக்டர் ஜெசிந்தாவின் வாய் சும்மா இருக்காது என்பது எங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கத்தியைப் பிடித்தது என் கை. இந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி உப்பளங்களுக்கும் கரிசல் காட்டுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே என் வேலை மருந்துக்கு வழி செய்து கொடுப்பது. புற்றுநோய் மருந்தைக் கையிலுள்ள சின்ன நரம்புகளில் ஏற்றிக்கொண்டே இருந்தால் அவை வெந்து கருகிவிடும். அப்புறம் ஊசி குத்த இடம் இருக்காது. அதனால் கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, இதயத்தின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துவோம். குழாயின் மறுமுனையைக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்ன டப்பாவில் மாட்டித் தைத்துவிடுவோம். வெளியே பார்த்தால் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு மேடு தெரியும். டாக்டர்கள் போர்ட் என்போம். எங்கள் பெண்கள் பட்டன் என்பார்கள்.

நான் படித்த காலத்தில் அது வெறும் டப்பா. 2041இல் உயிர்வாசல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் ஒரு மாதத்து மருந்தை மொத்தமாக நிரப்பிவிடலாம். உடம்பின் நிலையைப் பார்த்து அதுவே சொட்டுச் சொட்டாக இறக்கும். மாதம் ஒருமுறை வந்து நிரப்பிக்கொண்டால் போதும், வாரா வாரம் பஸ் ஏற வேண்டாம். பஸ்ஸுக்காகவே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் நானும் வாயெல்லாம் பல்லாக அதை வரவேற்றேன். பெட்டியின் ஓரத்தில் 'பாதுகாப்புப் பூட்டு உள்ளது' என்று போட்டிருந்ததைப் படித்தேன். யாருடைய பாதுகாப்பு என்று கேட்கத் தோன்றவில்லை.

சீனியம்மாளுக்கு நாற்பத்து மூன்று வயது. உப்பளத்தில் உப்பு வாரிச் சுமக்கிறவள். புருஷன் விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. இடது மார்பை எடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கம் நான் கைவைக்க முடியாது. வலது பக்கம் ஒன்றுதான் வழி. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவள் தம்பி வேல்ச்சாமி, உப்பு மூட்டை ஏற்றுகிற ஆள். நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவனிடமும் கேட்டேன். எந்தத் தோளில் சுமை வைப்பாள், பட்டன் மீது அழுத்துமா என்று.

"அவ இனி எதையும் சுமக்க மாட்டா டாக்டரம்மா. நான் இருக்கேன்லா" என்றான்.

கம்பெனி கொடுத்த தாளில் செய்யக்கூடாதவை பதினெட்டு இருந்தன. நீந்தக் கூடாது, பளு தூக்கக் கூடாது, கிணற்றில் குதிக்கக் கூடாது, குழந்தையை மார்பில் போட்டு உறங்கவைக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவள் கைநாட்டு வைத்தாள், சாட்சிக்கு அவன் கையெழுத்துப் போட்டான்.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்வோம். ஆள் விழித்திருப்பாள், பேசிக்கொண்டிருப்பாள். ஜாக்கெட்டுக்கு வெளியே தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியாத இடத்தில் வைக்கிறேன் என்றேன். ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்து நரம்பைப் பார்த்து ஊசியை இறக்கினேன். கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. கம்பியை விட்டு, அதன்மேல் குழாயை ஏற்றி, தோலுக்கடியில் சுரங்கம்போட்டு டப்பாவோடு இணைத்தேன். தைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. டப்பாவில் ஊசியைக் குத்தி, பின்னால் இழுத்து, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். திரை ஆயிரம் சொல்லட்டும், அந்த ரத்தத்தைப் பார்க்காமல் நான் தையல் போட்டதில்லை. சீனியம்மாளுக்கும் வந்தது.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. கட்டி சுருங்கியது. மூன்றாவது முறை நிரப்ப வேண்டிய நாளில் அவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்தாள். முகம் கறுத்து, தலை வாராமல் இருந்தது.

ஊசியைக் குத்தினேன். இழுத்தேன். ரத்தம் வரவில்லை. உப்புநீரைச் செலுத்தப் பார்த்தேன், சுவரில் குத்திய மாதிரி நின்றது. டப்பாவின் தகவலைக் காட்டும் திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. சேதப்படுத்தும் முயற்சி. முப்பத்தெட்டு நிமிடங்களில் இருநூற்றுப் பதினான்கு அடிகள். பூட்டப்பட்டது. அதற்குக் கீழே பதினேழு நாளைக்கு முந்தைய தேதி.

அப்போது நான் செய்ததை எழுதவே கூசுகிறது. அவளைப் பார்த்துக் கத்தினேன். யாரிடம் கொடுத்து நோண்டினீர்கள், எவன் உடைத்துப் பார்த்தான், உள்ளே இருக்கும் மருந்து என்ன மருந்து தெரியுமா என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். இருபது வருஷமாகத் திரையை நம்பாதே, ரத்தத்தைப் பார் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்குத் திரையை நம்பினேன், எதிரே நிற்கும் மனுஷியைப் பார்க்கவில்லை.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"தம்பி செத்துட்டான் டாக்டரம்மா" என்றாள். "நெஞ்சுல அடிச்சு அழுதேன். வேற ஒண்ணும் செய்யல."

டிரைவர் இல்லாமல் தானாக ஓடுகிற உப்பு லாரி ஒன்று பின்னால் நகர்ந்து வேல்ச்சாமியைச் சுவரோடு நசுக்கியிருந்தது. உடலைக் கொண்டுவந்து கிடத்தியதும் அவள் மாரடித்து அழுதிருக்கிறாள். அந்த ஊரில் கூடப்பிறந்தவன் செத்தால் அக்கா அப்படித்தான் அழுவாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள்ளிருந்து பட்டன் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. பயந்துபோன பெண்கள் அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். சத்தம் நின்றது. பதினாறாம் நாள் காரியம் முடியாமல் வாசல் தாண்டக் கூடாது என்பதால் மறுநாள்தான் பஸ் ஏறியிருக்கிறாள்.

அந்தப் பதினேழு நாளும் ஒரு சொட்டு மருந்து அவள் ரத்தத்தில் இறங்கவில்லை. மருந்து இல்லாமல் இல்லை. மிச்ச மருந்து அவள் நெஞ்சுக்குள்ளேயே, ரத்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. டப்பா கொடுக்க மறுத்துவிட்டது. பூட்டிக்கொண்ட நொடியே அது தகவல் அனுப்பியிருக்கிறது. எனக்கு அல்ல. கம்பெனியின் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு.

முப்பது நாள் மருந்து நின்றால் கட்டி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு வாசலைத் திறந்து என்ன, மூடி என்ன. ஆக எங்களுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தேன். குழாய் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது, ஒரு நூல் அசையவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு இனிமையான இயந்திரக் குரல் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கீழே விழுதல், வாகன விபத்து, தாக்குதல், திருட்டு, குழந்தை விளையாடியது. துக்கம் என்று ஒன்று இல்லை. மற்றவை என்றேன். விசாரணை தொண்ணூறு நாளில் முடியும் என்று சொல்லி, பொறுமைக்கு நன்றியும் சொன்னது. எனக்குப் பொறுமை இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

தினம் நாலு முறை கூப்பிட்டு, சுகாதாரத் துறைக்கு எழுதி, ஒரு அதிகாரியோடு சண்டை போட்டு, கடைசியில் ஆறாவது நாள் கம்பெனியிலிருந்து பிரணவ் என்ற இன்ஜினியர் வந்தான். முப்பது வயது இருக்கும், சென்னைக்காரன், மரியாதையான பையன். சீனியம்மாளின் பதிவை முழுக்கப் பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறு எதுவும் இல்லை மேடம் என்றான். கேட்ட மாத்திரத்தில் அவனை வெளியே துரத்தியிருப்பேன். சிஸ்டர் தங்கபுஷ்பம் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அவன் விளக்கினான். இந்த மருந்து அவ்வளவு அரிதானது, அவ்வளவு கொடியதும்கூட. முதல் வருஷத்தில் சில இடங்களில் டப்பாவை உடைத்து மருந்தை எடுத்து விற்கப் பார்த்திருக்கிறார்கள். உடைந்து ஒரேயடியாக உள்ளே கொட்டினால் ஆள் செத்துப்போவார். அதனால் பலமாக, திரும்பத் திரும்ப அடி விழுந்தால் அதுவே பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள்.

"அப்ப அந்த டப்பாவை எடுத்துட்டு இன்னொண்ணு வைக்கறேன். குடுங்க" என்றேன்.

"சேதப்படுத்தினதா பதிவானவங்களுக்கு ரெண்டாவது டப்பா கிடையாது மேடம். பழைய மாடல் டப்பாவுல இந்த மருந்து நிக்காது."

"அவங்க சேதப்படுத்தல. அழுதாங்க."

"புரியுது. ஆனா…" அவன் நிஜமாகவே யோசித்தான். "ஏன் அடிச்சுக்கணும்? அழறது தனி, அடிக்கறது தனி இல்லையா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உன் வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்குள் ஐஸ் வைத்து, ஸ்பீக்கரில் பாட்டு வைத்து, எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். என் வீட்டிலும் அப்படித்தான், ஜெபம் சொல்லி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். அதுதான் ஒழுங்கு என்று நமக்கு நினைப்பு. இவர்களுக்கு அழுகை கையிலும் இருக்கிறது. இதையெல்லாம் நான் அவனிடம் சொன்னேன், இவ்வளவு நிதானமாக இல்லை.

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். கம்பெனி இதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டுவிட்டது என்றான். செய்யக்கூடாதவை இப்போது பத்தொன்பது. கடைசியாகச் சேர்த்த வரி, சாவு வீடுகளுக்குச் செல்வதைத் தவிர்க்கவும்.

தாளைக் கிழித்தேன். அது அவன் தப்பில்லை என்று தெரியும், ஆனாலும் அவன் முகத்துக்கு முன்னால் வைத்துத்தான் கிழித்தேன். அவள் தம்பி செத்தது அவள் வீட்டில். அதைத் தவிர்க்க அவள் எங்கே போயிருக்க வேண்டும்?

பிரணவ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு தாழ்ந்த குரலில் பேசினான். மலைப்பாதையில் ஓடும் ஒரு பஸ்ஸில் போனவர்களுக்குப் போன வருஷம் இப்படிப் பூட்டிக்கொண்டதாம். முதலில் ஒருவர், பிறகு நாலு பேர். ஒருநாள் சிகிச்சைக்கு வந்த கூட்டம் முழுக்க அதே பஸ்ஸில் ஏற, குலுக்கலில் எல்லோருக்கும் பூட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் எல்லாமே தானாகத் திறந்துகொண்டனவாம்.

"ஒருத்தர்கிட்ட வந்தா அது சேதம். ஒரே இடத்துல, ஒரே நேரத்துல, நிறைய பேர்கிட்ட ஒரே மாதிரி வந்தா, அது அந்த ஊர் வழக்கம்னு சிஸ்டமே கத்துக்கும். முன்னாடி பூட்டினதையும் திறந்துவிட்டுடும்."

"நிறைய பேர்னா எத்தனை?"

"யாருக்கும் தெரியாது மேடம். எழுதினவங்களுக்கே தெரியாது. எண்ணிக்கை சேரலைன்னா அத்தனை பேருக்கும் பூட்டுதான், தொண்ணூறு நாள்." அவன் பையை எடுத்துக்கொண்டான். "நான் எதுவும் சொல்லலை."

நான் அதை அந்த அறையிலேயே விட்டுவிட்டேன். ஒருத்திக்காக இருபது பேரை வைத்துச் சூதாட எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. ஆனால் அறையில் தங்கபுஷ்பம் இருந்தார். முப்பது வருஷ நர்ஸ். டாக்டர் சொல்லாததைச் செய்துதான் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை மருந்து நிரப்பும் நாள். சீனியம்மாளை விட்டு எண்ணினால், சுற்று வட்டாரத்துப் பட்டன்காரிகள் இருபத்தேழு பேர் வந்திருந்தார்கள். நான் வார்டுக்குள் நுழையும்போது தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருபத்தேழு பேருக்கும் நான்தான் வைத்தேன், ஒருத்திக்குக்கூட அதை அடைக்க விடமாட்டேன், வீட்டுக்குப் போங்கள் என்று கத்தினேன்.

சீனியம்மாள் என்னைவிடப் பிடிவாதமாக மறுத்தாள். "டாக்டரம்மா சொல்லுதது சரிதான். எனக்காவ யாரும் அடைச்சுக்கிட வேண்டாம். எல்லாம் பிள்ளகுட்டிக்காரிக."

மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்க்கும் ராஜகனி என்பவள் எழுந்தாள். எட்டுத் தெருவுக்குக் கேட்கும் குரல். அன்றைக்கு அவள் கத்தவில்லை.

"உனக்காவன்னு யாருட்டி சொன்னா? எங்கம்ம படுத்த படுக்கையா கெடக்கா. நாளைக்கு அவ போனா நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? இல்ல, ஆஸ்பத்திரித் தாளக் காட்டி வீட்டுக்கு வெளிய இருக்கணுமா? இருபத்தேழு பேரு வீட்லயும் சாவு வரத்தானே செய்யும். மிஷினுக்கு இன்னிக்கே தெரியட்டும்."

இன்றைக்கு நான் காப்பாற்றுகிற ஒவ்வொருத்தியும் நாளை ஒரு சாவில் பூட்டிக்கொள்வாள், அல்லது பூட்டிக்கொள்ளாமல் இருக்க அழாமல் நிற்பாள். இரண்டுமே என் கை வேலையாக இருக்கும்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். மருந்து ஒரு வாரம் நின்றாலும் தாங்காத நிலையில் இருந்த நாலு பேரை எழுப்பி வெளியே உட்காரவைத்தேன். அவர்களில் ஒருத்தி என்னோடு சண்டை போட்டாள். மிச்சம் இருபத்து மூன்று. அத்தனை பேரிடமும் தனித்தனியாக, பூட்டிக்கொண்டால் என்னால் திறக்க முடியாது என்று சொன்னேன். பட்டன் மேலேயே அடிக்கக் கூடாது, நடுநெஞ்சில் அடியுங்கள் என்றும் சொன்னேன். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

பகல் இரண்டு மணிக்கு, கதிர்வீச்சுக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் ஆளுக்கொரு கோடு ஓடும் திரையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒருவருக்கும் கை எழவில்லை. நடுவில் பிணம் இல்லை. வெறும் சிமெண்ட் தரையைப் பார்த்து எப்படி அழுவது? ஒருத்தி சிரித்துவிட்டாள், சிரிப்பு நாலைந்து பேருக்குத் தொற்றியது. எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது.

சீனியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"அன்னைக்குப் பாதியில கையப் புடிச்சு இழுத்துட்டாக. நான் அவனுக்கு இன்னும் அழுது முடிக்கல" என்றாள்.

இரண்டு கையையும் தூக்கி நெஞ்சில் அடித்தாள். இடது பக்கம் வெறும் தழும்பு, வலது பக்கம் நான் வைத்த பட்டன்.

"ஏ வேலு, எதையும் சுமக்க வேண்டாம்னு சொன்னியே. ஒன்ன நான் எங்கடா எறக்கி வைப்பேன்?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ராஜகனி அடித்தாள். அவள் அம்மாவுக்கு இல்லை, ஆறு வயதில் கடலில் போன மகனுக்கு. அவளுக்கு அப்படி ஒரு மகன் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. ஒருத்தி தன் இரண்டு மார்பையும் சொல்லி அழுதாள். ஒருத்தி யார் பெயரையும் சொல்லவில்லை, அடித்துக்கொண்டே இருந்தாள். இருபத்து மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு சாவு கையிருப்பில் இருந்தது. தங்கபுஷ்பம் போய் உட்கார்ந்து தானும் அடித்துக்கொண்டார். அவருக்குப் பட்டன் கிடையாது, மெஷினுக்கு அவரால் ஒரு பயனும் இல்லை. அதைச் சொல்லி அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பத்தாவது நிமிடம் முதல் பீப் கேட்டது. பிறகு அடுத்தடுத்து. என் மடியில் ஒவ்வொரு கோடாகச் சிவந்தது. ஐந்து, பதினொன்று, பத்தொன்பது. கடைசியில் இருபத்து மூன்றும் சிவப்பு. நெஞ்சுகளுக்குள்ளிருந்து இருபத்து மூன்று டப்பாக்கள் சேர்ந்து கத்தின. எவளும் நிறுத்தவில்லை. இந்த முறை கையைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை.

நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒன்றும் மாறவில்லை. ஐம்பது நிமிடம். பிரணவை நினைத்துத் திட்டினேன், உயிர்வாசல் என்று பெயர் வைத்தவனைத் திட்டினேன், பெட்டி ஓரத்தில் இருந்ததைப் படித்தும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிய டாக்டர் ஜெசிந்தாவை எல்லோரையும்விட அதிகமாகத் திட்டினேன். இருபத்து நாலு பெண்களை நானே கொன்றுவிட்டேன் என்று உறுதியாகிவிட்டது. நான் அழுதது கைக்குட்டையால் துடைக்கிற அழுகை இல்லை. திரையைக் கீழே வைத்துவிட்டு நானும் அடித்துக்கொண்டேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது.

சத்தம் நின்றதை முதலில் கவனித்தது வெளியே உட்கார்ந்திருந்த நாலு பேர்தான். அவர்கள்தான் ஓடிவந்து என் தோளைத் தட்டினார்கள். பீப் எதுவும் கேட்கவில்லை. தரையில் கிடந்த திரையில் எல்லாக் கோடுகளும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன.

நான் திரையை நம்பவில்லை. சீனியம்மாளை வியர்வையோடு அப்படியே வார்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். தோலைத் துடைத்து, ஊசியைக் குத்தி, மெதுவாகப் பின்னால் இழுத்தேன். கருஞ்சிவப்பாக ரத்தம் திரும்பி வந்தது. மாலைக்குள் இருபத்து மூன்று பேருக்கும் அப்படிப் பார்த்தேன். எல்லோருக்கும் வந்தது. சீனியம்மாளுக்கு மருந்து நிறுத்தப்பட்டு அன்றைக்கு இருபத்தைந்தாவது நாள்.

மருந்து நிரம்பும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மெஷின் கற்றுக்கொண்டதை என்ன பெயரில் எழுதி வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது. இருநூற்றுப் பதினான்கு அடிகள், சேதம் என்றிருந்த வரியை அது தானாகவே திருத்தியிருந்தது. அதனிடம் இருந்த தலைப்புகளில் நெருக்கமான ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. வீட்டு வேலை. இடித்தல், துவைத்தல் போன்றவை.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. தம்பியைப் பறிகொடுத்த அக்காவின் அழுகை இவர்களுக்குத் துணி துவைப்பது. இப்போதே புகார் எழுதுகிறேன், அந்தத் தலைப்பை மாற்றும்வரை விடமாட்டேன், துக்கம் என்று ஒரு சொல்லை அந்த மெஷினுக்குள் ஏற்றாமல் ஓயமாட்டேன் என்று எழுதத் தொடங்கினேன். எழுதுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம். சீனியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்து முடிந்து நான் ஊசியை எடுத்ததும் ஜாக்கெட் ஊக்கைப் போட்டுக்கொண்டே, அதில் அப்படி என்ன தப்பாக எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நீங்கள் அடித்து அழுததை வீட்டு வேலை என்று போட்டிருக்கிறது என்றேன்.

அவள் முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"விடுங்க டாக்டரம்மா. அது சரியாத்தான் போட்டிருக்கு" என்றாள். "அதையும் நாங்கதானே செய்யுதோம்."